கன்ன எலும்பும் நீல இருக்கைகளும்



கண்ணுக்குக் கீழே விரல் வைத்தால் தட்டுப்படுவது கன்ன எலும்பு. நெற்றி, மேல்தாடை, பொட்டு, ஆப்பு ஆகிய நான்கு எலும்புகளோடு இணைந்து அது கண்ணுக்கு அரணாக நிற்கிறது. மெல்லும் தசை ஒன்றும் புன்னகைக்கும் தசையும் அதிலிருந்தே தொடங்குகின்றன. அது உடைந்து அமுங்கினால் கன்னம் தட்டையாகும்; வாய் திறப்பதும் கடினமாகும்.

முதல் உலகப் போரில் (1914-1918) ஆயிரக்கணக்கான வீரர்களின் முகங்கள் சிதைந்தன. அவர்களுக்கென 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் ஹெரால்டு கில்லீஸ் அங்குப் பணியாற்றினார். ஊரார் திடுக்கிடாதிருக்க, நோயாளிகள் அமரும் இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசி வைத்தனராம்.

பின்னர் 1927-இல், கில்லீஸும் சக மருத்துவர் இருவரும் ஒரு முறையை வெளியிட்டனர். நெற்றிப்பொட்டின் மேல் முடிக்குள் சிறிது கீறி, கருவியைச் செலுத்தி, அமுங்கிய எலும்பை நெம்பி உயர்த்தினர். தழும்பு முடிக்குள் மறைந்தது. இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

எலும்பை மருத்துவர் நிமிர்த்திவிடுவார். ஆனால், முகத்தில் வடுவுள்ள ஒரு பிள்ளைக்கு நம் வகுப்பில் நீல இருக்கை போடாதிருப்பது நம் கையில்தான் உள்ளது. வீட்டிலும் பள்ளியிலும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.