யார் எந்த ஊர்க் கணக்கைப் பார்க்கலாம்? சங்கரன்கோவிலை முன்வைத்துத் தரவு அனுமதியின் வரலாறு

2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் தொடங்கிவைக்கப்பட்டபோது, அதுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவில் வட்டம் புதிய மாவட்டத்துக்குப் போனது. கூடவே சங்கரன்கோவில் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமும் ஆனது. அலுவலகப் பெயர்ப்பலகைகளை மாற்றுவது சில நாள் வேலை. ஆனால் ஊர், காலம், பயிர், துறை என்று பல பரிமாணங்களில் கணக்கைத் தொகுத்துக் காட்டும் பகுப்பாய்வுத் தரவுத்தளம் ஒன்றுக்கு இந்த மாற்றம் லேசானதல்ல. நேற்றுவரை திருநெல்வேலியில் பார்த்த எண்களை இன்று யார் பார்க்கலாம், பழைய ஆண்டுகளின் எண்கள் யாருக்கு உரியவை என்பதை அது முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கும் முறை எப்படி வளர்ந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

இதன் முதல் கட்டம் கணினிக்கு முந்தையது. கிராமக் கணக்குகளைக் கர்ணமும் கிராம முன்சீபும் பரம்பரையாக வைத்திருந்த காலத்தில் சாகுபடிப் பதிவேடான அடங்கலைப் பார்க்கும் உரிமை பதவியோடு மட்டுமல்ல, குடும்பத்தோடும் ஒட்டியிருந்தது. ஏடுகள் பல ஊர்களில் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில்தான் கிடந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அடுத்த ஆண்டு அது சட்டமானது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கர்ணத்தின் இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் மாறுதலுக்கு உட்பட்டவர். இன்று களப்பாகுளத்தில் இருப்பவர் நாளை வேறு ஊருக்குப் போவார். பக்கத்துக் கிராமத்துக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ம் பார்ப்பார். உரிமை ஆளை விட்டுப் பதவிக்கு வந்துவிட்டது. ஆளுக்கும் பதவிக்கும் இடையிலான கட்டு தேதி போட்ட ஆணையாக மாறியது.

இதே கருத்தைக் கணினி உலகம் விதியாக எழுதிக்கொண்டது 1992இல்தான். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டைச் சேர்ந்த டேவிட் ஃபெராய்லோவும் ரிச்சர்ட் குன்னும் அனுமதியை ஆளுக்குத் தராமல் ரோலுக்கு, அதாவது பணிப்பொறுப்புக்கு, தர வேண்டும் என்று வரையறுத்தனர். 1996இல் ரவி சாந்து குழுவினர் ரோல்களுக்குள் படிநிலையையும் கட்டுப்பாடுகளையும் சேர்த்து மாதிரிகளை வகுத்தனர். 2004இல் அது அமெரிக்கத் தேசியத் தரமானது. இந்த வரலாற்றுக்கு இணையாக இன்னொன்றும் ஓடியது. பல்பரிமாணத் தரவுத்தளத்தின் வேர் 1970இன் எக்ஸ்பிரஸ் மென்பொருளில் இருக்கிறது. 1992இல் எஸ்பேஸ் வந்தது, 1993இல் எட்கர் காட் இத்தகைய பகுப்பாய்வுக்கு ‘ஓலாப்’ என்ற பெயரைப் பரப்பினார், 1998இல் மைக்ரோசாஃப்ட் தன் எஸ்.க்யூ.எல். சர்வரோடு ஓலாப் சேவையையும் சேர்த்துத் தந்தது. இரண்டு ஓடைகளும் கலந்த இடத்தில்தான் சிக்கல் பிறந்தது.

சாதாரண தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையைத் திறப்பதா மூடுவதா என்பதே கேள்வி. ‘கியூப்’ எனப்படும் பல்பரிமாணத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பரிமாணத்திலும் எந்தெந்த உறுப்பு தெரியலாம் என்று சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் கியூப் மென்பொருளான அனாலிசிஸ் சர்வீசஸில் ஒரு ரோலுக்கு அனுமதித்த பட்டியல், மறுத்த பட்டியல் என இரண்டையும் எழுதலாம். வட்டத்துக்கு ஒரு ரோல் என்றால் சமாளிக்கலாம். தமிழ்நாட்டில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருவாய்க் கிராமங்கள் உள்ளன. கிராமத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என்று பெருக்கினால் ரோல்களை எண்ணவே ஓர் ஆள் தேவைப்படும். போதாததற்கு, ஒருவர் இரண்டு ரோல்களில் இருந்தால் அனுமதிகள் கூடுமே தவிரக் குறையாது: ஒன்று மறைத்ததை மற்றொன்று காட்டிவிடும். கூடுதல் பொறுப்பு முடிந்த பின்னும் ஒருவரைப் பழைய ரோலிலிருந்து நீக்க மறந்தால், அந்தக் கிராமம் அவர் திரையில் நின்றுகொண்டே இருக்கும்.

இதற்குக் கண்ட வழி, ரோல்களைக் குறைத்து விதியைத் தரவுக்குள்ளேயே வைப்பது. பயனர், கிராமம் என்ற இரண்டு பத்திகளைக் கொண்ட இணைப்பு அட்டவணை ஒன்று. ஒரே ரோல். உள்ளே நுழைபவர் யார் என்பதை யூசர்நேம் என்ற சார்பு சொல்ல, அந்தப் பெயருக்கு எதிரே உள்ள கிராமங்கள் மட்டும் திறக்கும். மாறுதல் ஆணை வந்தால் அட்டவணையில் ஒரு வரி மாறும். கியூப்பின் வடிவமைப்பைத் தொட வேண்டியதில்லை. விலையும் உண்டு. ஒருவருக்காகக் கணக்கிட்டு நினைவகத்தில் வைத்த விடையை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாத இடங்கள் வரும், வேகம் குறையும். இருந்தும் பெரிய அளவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மொத்தக் கூட்டல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தென்காசி மாவட்டத்தில் தென்காசி, சங்கரன்கோவில் என்று கோட்டங்கள் இரண்டே. சங்கரன்கோவில் கோட்டத்தை மட்டும் பார்க்க அனுமதி பெற்றவருக்கு மாவட்ட மொத்தமும் தெரிந்தால், மறைத்துவைத்த தென்காசிக் கோட்டத்தின் எண் ஒரு கழித்தலில் வந்துவிடும். அனாலிசிஸ் சர்வீசஸில் ‘விஷுவல் டோட்டல்ஸ்’ என்ற அமைப்பு இதற்காகவே உள்ளது. அதை இயக்கினால், தெரியும் உறுப்புகளின் கூட்டல் மட்டுமே மொத்தமாகக் காட்டப்படும். ஆனால் முன்னிருப்பாக அது இயங்கா நிலையில் இருக்கும். அதே மென்பொருளுக்கு 2012இல் வந்த டேபுலர் (அட்டவணை) வடிவத்தில் வரிகளே வடிகட்டப்படுவதால் மொத்தமும் தானாகச் சுருங்கும். அங்கே எதிர்ச்சிக்கல்: தன் வட்டம் மாவட்டத்தில் எத்தனை விழுக்காடு என்று தாசில்தார் கேட்டால், மாவட்ட மொத்தத்தைத் தனி அட்டவணையில் வைத்துத்தான் சொல்ல முடியும். கூட்டல்கள் வழியே தனி எண் கசியும் என்பதை டோரதி டென்னிங் குழுவினர் 1979இலேயே காட்டிவிட்டனர். ரோல் எழுதுபவர்கள் அதை இன்னும் மறக்கிறார்கள்.

அடுத்து, படிநிலையே மாறும் சிக்கல். இந்த வட்டாரத்துக்கு இது புதிதல்ல. 1910இல் ராமநாதபுரம் மாவட்டத்துக்காகத் திருநெல்வேலியின் வடபகுதி பிரிந்தது. 1986இல் சிதம்பரனார் மாவட்டம் பிரிந்தபோது மிச்சப் பகுதி நெல்லை கட்டபொம்மன் என்று பெயர் பெற்றது. சங்கரன்கோவில் வட்டத்திலிருந்தே திருவேங்கடம் தனி வட்டமானது. 2019 பிரிவினை, வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கான பசலியில் 1429இன் நடுவில் நடந்தது. ஜூலை முதல் நாள் தொடங்கிய அந்தப் பசலியில் ஏறக்குறைய ஐந்து மாதம் பழைய மாவட்டம், மீதி புதியது. வட்டத்தின் மேலடுக்கான மாவட்டத்தை நேராக மாற்றி எழுதினால் 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருநெல்வேலியாக இருந்த சங்கரன்கோவில், அப்போதும் தென்காசியாக இருந்ததுபோல் காட்டும். மாற்றாமல் விட்டால் புதிய ஆட்சியரின் திரையில் அது இருக்காது. ஒவ்வொரு உறவுக்கும் ‘எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை’ என்று இரண்டு பத்திகள் சேர்ப்பதே சரி. பயனர், கிராமம் இணைப்பு அட்டவணைக்கும் அதே விதி.

வருவாய்ப் படிநிலை ஒன்று மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஆலங்குளம் சட்டமன்றத் தொகுதி திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. ‘தென்காசி’ என்று மட்டும் எழுதிய ரோல் எந்தத் தென்காசியைத் திறக்கும்? பெயரை வைத்து அனுமதி தரக் கூடாது. குறியீட்டு எண்ணையும் படிநிலையின் பெயரையும் சேர்த்தே தர வேண்டும்.

ஆக, மென்பொருள் வேண்டிய கருவிகளைத் தந்துவிட்டது. இல்லாதது தணிக்கை. கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் மேலதிகாரி வரிவரியாகச் சரிபார்க்கும் ஜமாபந்தி நம்மிடம் இருக்கிறது. பயனர், கிராமம் இணைப்பு அட்டவணையையும் கிராமக் கணக்குகளில் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு பசலி முடிவிலும் அந்த ஜமாபந்தியில் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.