பிப்ரவரி 17, ஆனால் எந்த ஆண்டு?

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில், சாந்தா குரோச்சே சதுக்கத்தில், ஒரு பிப்ரவரி 17ஆம் தேதி இளைஞர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து பந்தாடினார்கள். நாளைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஆண்டில்தான் தகராறு. பழைய பதிவுகளையும் அவற்றைப் பின்பற்றிய நூல்களையும் புரட்டினால் 1529 என்று இருக்கிறது. வேறு சில நூல்களில் 1530.

ஓராண்டு முன்பின் இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. 1529 பிப்ரவரியில் ஃப்ளாரன்ஸ் அமைதியாக இருந்தது. மெடிசி குடும்பத்தை 1527இல் விரட்டிவிட்டுக் குடியரசாக நிமிர்ந்து நின்ற நேரம் அது. அதே ஆண்டு அக்டோபரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை வந்து நகரைச் சுற்றி வளைத்தது. மெடிசி குடும்பத்தில் பிறந்த போப் ஏழாம் கிளமென்ட் அந்தப் படைக்குத் துணை. ஆகவே ஆட்டம் நடந்தது 1529 என்றால், அது ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா ஆட்டங்களில் ஒன்று, அவ்வளவுதான். 1530 என்றால், பீரங்கிகளுக்கு நடுவே சிக்கிய ஒரு நகரம் எதிரியின் காதில் விழும்படி ஆடிய ஆட்டம். ஃப்ளாரன்ஸ்காரர்கள் இன்றுவரை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் கதை முழுவதும் இந்த ஓர் எண்ணைப் பிடித்துத் தொங்குகிறது.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் கால்ச்சோ. இதற்கு நமக்குக் கிடைக்கும் முழுமையான சாட்சி ஜொவானி தெ பார்தி என்ற பிரபு 1580இல் அச்சிட்ட சிறு நூல். இசை வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. ஓபரா என்ற வடிவம் பிறக்கக் காரணமான இசை ஆர்வலர் குழு கூடியது இவர் வீட்டில்தான். அதே மனிதர், ஆட்டக்களத்தின் நீளம் 172 முழம், அகலம் 86 முழம் என்று ஒரு கணக்குப்பிள்ளையின் கண்டிப்போடு எழுதிவைத்திருக்கிறார். ஃப்ளாரன்ஸ் முழம் நம்முடையதைவிடக் கொஞ்சம் நீளம், ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். அதாவது நூறு மீட்டருக்கு ஐம்பது மீட்டர்.

அணிக்கு 27 பேர். முன்வரிசையில் ஓட்டக்காரர்கள் 15 பேர், ஐந்து ஐந்தாக மூன்று கூட்டம். பந்தோடு பாய்ந்து வருகிறவர்களின் வேகத்தைக் கெடுக்க அவர்களுக்குப் பின்னால் ஐந்து பேர். அதற்கும் பின்னால் பந்தைத் தூக்கி அடிக்கும் நால்வர். கடைசியில் காவலாக மூவர். உள்ளே காற்றடைத்த தோல் பந்தைக் கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம், அணைத்துக்கொண்டு ஓடலாம். எதிரணியின் எல்லை வேலியைத் தாண்டி அடித்தால் ஒரு காச்சா. இரண்டு பிழை செய்தால் எதிரணிக்கு ஒரு காச்சா. ஒவ்வொரு காச்சாவுக்குப் பிறகும் அணிகள் பக்கம் மாறிக்கொள்ளும். ஆடுகிறவர்கள் 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்ட கனவான்களாக, மதிப்புள்ள போர்வீரர்களாக இருக்க வேண்டும் என்கிறார் பார்தி. இன்று மணல் கொட்டிய களத்தில் நடக்கும் குத்துச்சண்டையைப் பார்த்துவிட்டு இதை ஏதோ முரட்டுக் கும்பலின் ஆட்டம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். படை அணிவகுப்பின் ஒழுங்கு அதில் தெரிகிறது.

ஆட்டத்தின் காலமும் பார்தியிடமே கிடைக்கிறது: ஜனவரி 6ஆம் தேதி வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் தொடங்கித் தவக்காலம் வரை, அதாவது கார்னிவல் காலம். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கைத் தீர்க்கப்போவது அதுதான்.

இனி பிப்ரவரி 17க்கு வருவோம். இதைச் சொல்கிறவர் பெனடெட்டோ வார்கி. மெடிசி ஆட்சி திரும்பிய பிறகு, கோசிமோ பிரபுவே கேட்டுக்கொண்டு எழுதவைத்த ஃப்ளாரன்ஸ் வரலாறு இவருடையது. எழுதியவர் 1565இல் இறந்துவிட்டார். நூல் அச்சேறியதோ 1721இல். ஒன்றரை நூற்றாண்டு கையெழுத்துப் படிகளிலேயே புழங்கிய நூல் இது. மெடிசிகளிடம் ஊதியம் வாங்கிக்கொண்டு மெடிசிகளை எதிர்த்து நின்ற குடியரசின் கதையை இவ்வளவு நேர்மையாக எழுதியவர் என்பதால் எனக்கு வார்கிமேல் தனி மரியாதை உண்டு.

அவர் சொல்வது இது. கார்னிவலுக்குக் கால்ச்சோ ஆடும் பழைய வழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்பது ஒரு காரணம், எதிரியை இளக்காரம் செய்வது இன்னொரு காரணம். வெள்ளை உடையில் 25 பேர், பச்சை உடையில் 25 பேர் ஆடினார்கள். பரிசு ஒரு பசுங்கன்று. தங்கள் சத்தம் கேட்டால் மட்டும் போதாது, கண்ணிலும் பட வேண்டும் என்று வாத்தியக்காரர்களில் ஒரு பகுதியினரைச் சாந்தா குரோச்சே தேவாலயத்தின் கூரை முகட்டில் ஏற்றி எக்காளம் ஊதவைத்தார்கள். ஜிராமோந்தே குன்றில் இருந்த எதிரிப் படை அவர்களைக் குறிவைத்து ஒரு பீரங்கிக் குண்டை அனுப்பியது. குண்டு உயரமாகப் போய்விட்டது. யாருக்கும் காயமில்லை.

இருபத்தைந்தா, இருபத்தேழா? வார்கிக்கும் பார்தியின் நூலுக்கும் எந்தத் தொடர்பும் இருக்க முடியாது. நூல் வெளிவருவதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே வார்கி இறந்துவிட்டார். 1530 வாக்கில் எண்ணிக்கை இன்னும் இறுகவில்லை, பிற்பாடு பார்திதான் 27 என்று கட்டிவைத்தார் என்றே நான் படிக்கிறேன். இரண்டு சாட்சிகளும் ஒரே எண்ணைச் சொல்லியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பீரங்கிக் குண்டு வருகிறது என்றாலே முற்றுகைக் காலம்தானே, ஆண்டு 1530தானே என்று கேட்கலாம். கதை உண்மையானால் அப்படித்தான். குண்டும் எக்காளமும் பிற்காலத்தார் ஒரு சாதாரண ஆட்டத்துக்குப் பூட்டிய நகைகளாக இருந்தால்? 1529 என்ற எண் பழைய தாள்களில் நிற்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் கதையை நம்பச் சொல்வது ஆய்வாகாது.

பதில் நாள்காட்டியில் இருக்கிறது. ஃப்ளாரன்ஸில் புத்தாண்டு ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. கபிரியேல் தூதர் மரியாளுக்கு நற்செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள். அன்றுதான் ஆண்டின் எண் மாறும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை எழுதப்படும் எல்லாத் தாளிலும் போன ஆண்டின் எண்ணே இருக்கும். பக்கத்து ஊர் பீசாவும் மார்ச் 25ஐத்தான் புத்தாண்டாகக் கொண்டது. ஆனால் ஃப்ளாரன்ஸுக்குச் சரியாக ஓராண்டு முந்தி எண்ணியது. வெனிஸுக்கோ மார்ச் 1. ஒரே பிப்ரவரி நாளில் பீசாவிலிருந்து புறப்பட்ட கடிதம் 1530 என்றும், ஃப்ளாரன்ஸில் எழுதிய பதில் 1529 என்றும் தேதி தாங்கும். 1582இல் போப் கிரகோரி நாள்காட்டியைத் திருத்தியபோது இந்தக் குழப்பமும் தீர்ந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகிறார்கள். இல்லை. பத்து நாட்களைத் தள்ளிய பிறகும் ஃப்ளாரன்ஸ் தன் மார்ச் 25ஐ விடவில்லை.

இது ஒரு விளக்கம், இன்னும் நிரூபணம் ஆகவில்லை. நம் கல்வெட்டு அறிஞர்கள் என்ன செய்வார்கள்? கல்லில் உள்ள கிழமையையும் நட்சத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணைகளில் ஆண்டைத் தேடுவார்கள். அதே வழியில் நான் ஈஸ்டரைப் பிடித்துக் கணக்குப் போட்டேன். அக்காலத்து ஜூலியன் கணக்கில் 1529இன் ஈஸ்டர் மார்ச் 28. அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. அப்படியானால் 1529 பிப்ரவரி 17 தவக்காலத்தின் நடுவே விழுகிறது. ஆட்டமும் எக்காளமும் நின்று, ஊரே நோன்பிருக்கும் நாள். கார்னிவல் ஆட்டம் அன்று நடக்க வாய்ப்பே இல்லை.

1530க்கு வாருங்கள். ஈஸ்டர் ஏப்ரல் 17, சாம்பல் புதன் மார்ச் 2. பிப்ரவரி 17 வியாழக்கிழமை, கார்னிவல் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் வாரம். ஆட்டத்துக்கு உரிய காலம். எக்காளத்தையும் குண்டையும் தொடாமலே, தவக்காலம் ஒன்றை வைத்தே 1529 விழுந்துவிடுகிறது.

ஆண்டு நிலைபெற்றதும் அந்த நாளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாள் வந்து நிற்கிறது. 1530 பிப்ரவரி 24, ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, அபெனைன் மலைக்கு அப்பால் பொலோஞாவில் போப் கிளமென்ட் தன் கையால் சார்லஸுக்குப் பேரரசர் முடி சூட்டினார். அங்கே முடிசூட்டு விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வேளையில் இங்கே ஐம்பது இளைஞர்கள் ஒரு கன்றுக்காகப் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். முற்றுகைக்குள் இருக்கும் ஊரில் ஒரு பசுங்கன்று எளிய பரிசு அல்ல. ஆகஸ்ட் 12இல் நகரம் சரணடைந்தது, குடியரசு முடிந்தது.

இந்தச் சாவி கையில் இருந்தால் வேறு பூட்டுகளும் திறக்கின்றன. சாந்தா குரோச்சே சதுக்கத்தின் தென்பக்கம், சுவரோவியம் தீட்டிய பலாசோ தெல் அன்தெல்லா மாளிகையின் முகப்பில், ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறது. நான்கு கூறாகப் பிரித்து வெள்ளையும் சிவப்பும் மாற்றி மாற்றிப் பூசிய பளிங்கு. களத்தின் நடுக்கோட்டைக் காட்டும் அடையாளம் அது. இரண்டு அணியின் நிறத்தையும் உடுத்தி வரும் பந்துக்காரர் சுவரில் உள்ள இப்படியொரு பளிங்கின் மேல் பந்தை எறிவார். அது தெறித்துத் திரும்பினால் ஆட்டம் தொடங்கும். அன்தெல்லா கல்லில் உள்ள தேதி 1565 பிப்ரவரி 10.

இங்கே தவக்காலம் உதவாது. 1565, 1566 இரண்டிலும் அந்தத் தேதி கார்னிவலுக்குள்தான் விழுகிறது. வேறு சாட்சி வேண்டும். மெடிசி இளவரசர் பிரான்செஸ்கோவுக்கும் ஆஸ்திரிய இளவரசி ஜொவானாவுக்கும் 1565 டிசம்பரில் திருமணம். அதன் கொண்டாட்டம் அடுத்து வந்த கார்னிவல் முழுவதும் நீண்டது. அதன் சிகரமான தேவர் குல ஊர்வலம் நடந்தது பிப்ரவரி 21. அதைப் பற்றி பாச்சோ பால்தினி எழுதிய நூலின் முகப்பில் ஆண்டு 1565. மணமகள் டிசம்பரில் வந்துசேர்ந்தவர். ஊர்வலம் அதற்கு முந்தைய பிப்ரவரியில் நடந்திருக்க முடியுமா? நடந்தது 1566இல். அதே ஊரில், அதே மாதத்தில் செதுக்கிய பளிங்கின் 1565ஐயும் நாம் 1566 என்றுதான் படிக்க வேண்டும். திருமண விழாக் காலத்துக் கல் அது.

மருந்துக்கடைக்காரர் லூகா லாந்தூச்சியின் நாட்குறிப்பில் ஆர்னோ ஆறு உறைந்து பனிக்கட்டிமேல் பந்தாடியதாக வரும் 1490 ஜனவரியும் இப்படித்தான். நமக்கு அது 1491.

இந்த ஆட்டம் எவ்வளவு தூரம் பரவியது? அதிகமில்லை என்பதே என் முடிவு. வணிகம் செய்யப் போன ஃப்ளாரன்ஸ்காரர்கள் லியோன் நகரில் பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஹென்றிக்கு முன்னால் ஆடிக் காட்டியதாக, 1688இல் பினி தொகுத்த கால்ச்சோ நினைவுத் தொகுப்பின் வழி வரும் செய்தி உண்டு. ரோமானியப் படைவீரர்களின் பந்தாட்டத்திலிருந்து வந்தது என்பார்கள். நடுவே ஆயிரம் ஆண்டுக்கு ஒரு தாள் இல்லை, அதனால் நான் அதை ஏற்கவில்லை. இன்றைய கால்பந்துக்குத் தாய் இதுவே என்பதும் அப்படித்தான். ஜெனோவாவில் 1893இல் ஆங்கிலேயர்கள் கழகம் தொடங்கியபோது அவர்கள் கொண்டுவந்தது தங்கள் ஊர் ஆட்டத்தை. இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1909இல் கால்ச்சோ என்ற பெயரைச் சூடிக்கொண்டது. உறவு பெயரோடு சரி.

முற்றுகையின் நானூறாம் ஆண்டு என்று சொல்லி, 1930இல் ஃபாசிஸ்டுக் கட்சியின் உள்ளூர்த் தலைவர் அலெசாந்த்ரோ பவோலினி ஆட்டத்தை மறுபடி தொடங்கினார். நான்கு பேட்டைகள், நான்கு நிறங்கள், 50 நிமிட ஆட்டம், ஜூன் 24 புனித யோவான் திருநாளை ஒட்டி இறுதிப் போட்டி என்ற இன்றைய அமைப்பு அந்த வழியில் வந்தது. பாசிசம் தன் தேவைக்கு ஒரு குடியரசின் வீரத்தை எடுத்துக்கொண்டது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அவர்கள் எண்ணிய நானூறு ஆண்டுக் கணக்கு சரி.

கடைசியாக ஒரு படம். ஜுசெப்பே சோக்கி 1744இல் வெளியிட்ட ஃப்ளாரன்ஸ் காட்சித் தொகுப்பில் சாந்தா குரோச்சே சதுக்கமும் அதில் நடக்கும் கால்ச்சோவும் இருக்கின்றன. ஆட்சியாளர்களின் முன்னிலையில் 1738இல் நடந்த விழா என்று படத்தின் அடியில் எழுத்து. அந்த ஆட்சியாளர்கள் லோரைன் பிரான்சிஸ் ஸ்டீபனும் அவர் மனைவி மரியா தெரசாவும். அவர்கள் ஃப்ளாரன்ஸுக்குள் நுழைந்ததோ 1739 ஜனவரி 20. இங்கும் அதே ஓராண்டு. பழைய கால்ச்சோவின் கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் என்று வரலாறு குறிப்பதும் 1739 ஜனவரி ஆட்டத்தைத்தான். பத்தாண்டு கழித்து, 1749 நவம்பரில், ஜனவரி 1ஐப் புத்தாண்டாக்கும் ஆணையைப் பிறப்பித்தவர் இதே பிரான்சிஸ் ஸ்டீபன். அந்த மாற்றத்தைச் சொல்லும் லத்தீன் கல்வெட்டு ஆளுகைச் சதுக்கத்தில், லோஜா தெய் லான்சி மண்டபத்தின் சுவரில் இருக்கிறது. 1750 முதல் எழுதிய ஃப்ளாரன்ஸ் தாள்களை அப்படியே படிக்கலாம். அதற்கு முந்தியவற்றில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை என்றால், கால்ச்சோ ஆய்வாளர் ஒன்றைக் கூட்டிக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.