எழுவரில் ஓரிக்கு எத்தனையாவது இடம்?

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டில் இறங்கியதும், குதிரைமீது அமர்ந்திருக்கும் வல்வில் ஓரியின் சிலைதான் எங்களை வரவேற்றது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாட்களில் தமிழக அரசு அவன் பெயரால் இங்கே விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு. சிலையடியில் நின்றபோது எங்களில் ஒருவர் சாதாரணமாக ஒரு கேள்வியைக் கேட்டார். "கடையெழு வள்ளல்களில் ஓரி எத்தனையாவது?" கடைசி என்றார் ஒருவர். இரண்டாவது என்று அடித்துச் சொன்னார் மற்றொருவர். அறப்பளீசுவரர் கோயிலைச் சென்றடையும்வரை வாக்குவாதம் ஓயவில்லை. வீடு திரும்பி நூல்களைப் புரட்டிய பிறகே இருவர் சொன்னதும் சரி என்பது தெரிந்தது.

விளையாட்டு ரசிகர்களுக்கு இத்தகைய சண்டை புதிதன்று. அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் அணிகளைப் பருவம் முழுவதும் வாரந்தோறும் வரிசைப்படுத்துகிறார்கள். பயிற்சியாளர்களுக்கு ஒரு பட்டியல், விளையாட்டு எழுத்தாளர்களுக்கு இன்னொரு பட்டியல். தம் அணி எட்டாவதா பன்னிரண்டாவதா என்று ரசிகர்கள் மோதிக்கொள்வார்கள். இறுதியில் 64 அணிகள் மோதி, எட்டே அணிகள் ஒமாகா நகருக்குச் செல்லும். பட்டியலில் மேலே இருந்தவர் பாதியில் வீழ்வதும் கீழே இருந்தவர் கோப்பையோடு திரும்புவதும் உண்டு. தரவரிசை என்பது எழுதுவோரின் தீர்ப்பு; வெற்றி களத்தின் தீர்ப்பு. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. சங்ககாலத்து நிலையும் ஏறத்தாழ இதுவே.

வள்ளல் எழுவரின் பட்டியல் சங்க இலக்கியத்தில் இரண்டு இடங்களில் கிடைக்கிறது. ஒன்று, பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூற்று 158ஆம் பாடல். அதன் வரிசை பாரி, ஓரி, காரி, எழினி, பேகன், ஆய், நள்ளி. மற்றொன்று, இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. அதன் வரிசை பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி. எழினி என்பதும் அதிகன் என்பதும் தகடூர் அதியமானையே குறிக்கும். ஆக ஏழு பெயர்களும் அவையே. ஆனால் முதற்பட்டியலில் இரண்டாமிடத்தில் நிற்கும் ஓரி, அடுத்ததில் ஏழாமிடத்துக்குப் போய்விடுகிறான்.

இவற்றைத் தரவரிசையாகக் கொள்ளலாமா? கொள்ளவேண்டியதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. இரு புலவருக்கும் எழுவருள் யார் பெரியவர் என்பது கவலையே அன்று. எழுவரும் மாய்ந்தபின் நீ இருக்கிறாய் என்று கேட்டு வந்தேன் என்பதே பெருஞ்சித்திரனார் குமணனிடம் வைக்கும் விண்ணப்பம். எழுவர் சுமந்த ஈகைப் பாரத்தை ஒருவனாகவே தாங்குகிறான் என்று நல்லியக்கோடனை உயர்த்துவதே நத்தத்தனாரின் நோக்கம். எட்டாவதாக ஒருவனை அமர்த்தத்தான் ஏழு இருக்கைகளும் அடுக்கப்பட்டன. 'கடை' என்னும் அடைமொழியும் காலத்தால் கடைசி என்று பொருள்படுவதேயன்றித் தரத்தால் கடைசி என்பதன்று. முதல், இடை, கடை என மூன்றாகப் பகுத்தது பிற்கால மரபு.

ஓரிக்காக வாதாட வருபவர் எடுத்து வைக்கவேண்டிய சான்று வன்பரணரின் பாடல்கள். புறநானூறு 152இல் வேட்டுவன் ஒருவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அவன் யாரென அறியாத பாணர் கூட்டம் அவன் முன் பாடுகிறது. அரசனுக்குரிய சொல் காதில் விழுந்ததும் அவன் நாணுகிறான். காட்டிலேயே இறைச்சியும், தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் தந்து அனுப்புகிறான். ஐந்து உயிர்களைத் துளைத்த அம்பைக் காட்டிலும் அந்த நாணம் நம்மை அதிகம் கவர்கிறது. அடுத்த பாடலில் அவனிடம் உண்டு நிறைந்த கூத்தர் தம் ஆடலையும் பாடலையுமே மறந்துபோகிறார்கள்.

இனிக் களத்தின் தீர்ப்பு. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்கிறது கல்லாடனாரின் அகநானூறு 209. வென்ற காரி ஓரியின் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320இல் கபிலர் உவமையாக்குகிறார். அதே கபிலர் காரியின் கொடையை மனமாரப் பாடியவர் என்பதையும் மறக்கலாகாது. கொடுப்பதில் பெயர்பெற்றவனே இன்னொரு கொடையாளியைக் கொன்று, அவன் மலையைத் தூக்கி வேந்தனுக்குக் கொடுத்தான். இதையும் கொடை என்று கணக்கிடுவதா?

புலவர்கள் இக்கேள்விக்கு நேரடியாக விடை சொல்லவில்லை. ஆனால் இருவரையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள். பெருஞ்சித்திரனார் கொல்லியை ஆண்டவன் என்று ஓரியைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே பெரும்போரை வென்ற காரியைச் சொல்கிறார். நத்தத்தனாரோ தம் நாட்டைக் கூத்தர்க்கு ஈந்தவன் என்று ஓரியைப் புகழ்ந்து, காரியோடு பொருதவன் என்றும் சேர்த்தே அடையாளம் காட்டுகிறார். தோல்வி மறைக்கப்படவில்லை, தோற்றதற்காக இடமும் பறிக்கப்படவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரும், தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையும், கொல்லியைப் பெற்ற சேரரும் இந்த ஏழு பெயர்களில் இல்லை. களத்தின் இறுதி ஆட்டத்தை வென்றவர்கள் அவர்கள்தாம். ஆயினும் எழுதுவோரின் பட்டியலை வேந்தரின் வாளால் திருத்த முடியவில்லை.

சிறுகுடித் தலைவர்கள் ஒவ்வொருவராக அழிந்து, மலைகள் வேந்தர் கைக்குப் போன காலத்தின் கணக்கேடாகவே இந்தப் பட்டியல்களை நாம் வாசிக்கிறோம். புரவலரை இழந்த பாணரும் புலவரும் யாரை இழந்தோம் என்று பெயர் சொல்லி எண்ணிப் பார்த்த கணக்கு அது. அதில் முதலிடம் எது, கடைசி இடம் எது என்று சண்டையிட்டதில் எங்களுக்குச் சற்று வெட்கமே. ஆயினும் இரண்டாமிடம் என்று சொன்ன நண்பர் இன்றும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வாசகர்கள் எந்தக் கட்சி?