பாஸ்கர்வில் அச்செழுத்து

நூலைப் படிக்கும்போது நாம் சொல்லைக் காண்கிறோம், பொருளைக் காண்கிறோம், எழுத்தைக் காண்பதில்லை. அவ்வெழுத்தும் ஒருவர் வரைந்து, ஒருவர் செதுக்கி, ஒருவர் வார்த்த பொருள் என்பது நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. ஆங்கில நூல்களில் இன்றும் வழங்கும் 'பாஸ்கர்வில்' என்னும் அச்செழுத்துக்குப் பின்னால், அதன்பொருட்டுத் தம் வாழ்நாளில் புகழைவிட வசையையே மிகுதியாகக் கேட்ட ஒருவரின் வரலாறு மறைந்து கிடக்கிறது.

ஜான் பாஸ்கர்வில் 1706-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், வூஸ்டர்ஷயர்ப் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இளமையில் பர்மிங்ஹாம் நகரில் கையெழுத்துப் பயிற்றும் ஆசிரியராக விளங்கினார். கல்லறைக் கற்களில் எழுத்துப் பொறிக்கும் தொழிலும் அவருக்குத் தெரியும். பின்னர், உலோகத் தட்டுகளுக்கு வண்ண மெருகேற்றி விற்கும் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டினார். நாற்பது வயதைக் கடந்த பிறகே அச்சுத் தொழில்மீது அவர் நாட்டம் சென்றது. செல்வம் சேர்த்தவர்கள் ஓய்வை நாடும் பருவத்தில், இவர் சேர்த்த செல்வத்தை எழுத்துக்களில் கரைக்கத் தொடங்கினார்!

அக்காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் கேஸ்லன் என்பவர் வார்த்த எழுத்துக்களே பெருவழக்காக இருந்தன. கேஸ்லனைப் பாஸ்கர்வில் மதித்தார். எனினும் இன்னும் செம்மை செய்ய இடமுண்டு என எண்ணினார். உரோமானிய எழுத்துக்களின் கோடுகள் முடியும் நுனிகளில் சிறு குறுக்குக் கோடுகள் நீண்டிருப்பதைக் காணலாம். அவற்றைச் 'செரிப்' என்பர். பாஸ்கர்வில் அவற்றைக் கூர்மையாக்கினார். தடித்த கோடு மேலும் தடித்தும், மெல்லிய கோடு மேலும் மெலிந்தும் நிற்குமாறு செய்தார். வளைவுகளின் சாய்வைக் குறைத்து, எழுத்தை நிமிர்ந்து நிற்கச் செய்தார். இவையெல்லாம் எழுதுகோல் பிடித்துப் பழகிய கையின் குணங்கள். சிறிய 'ஜி' எழுத்தின் கீழ்வளையம் மூடாமல் திறந்திருப்பதும், பெரிய 'க்யூ' எழுத்தின் வால் வீசி நீள்வதும் இவ்வெழுத்தை அடையாளம் காட்டும். வடிவங்களை எஃகில் செதுக்கியவர் ஜான் ஹேண்டி என்னும் கைவினைஞர். அவர் பெயரை இன்று நினைப்பவர் மிகச் சிலரே.

மெல்லிய கோடு முரட்டுக் காகிதத்தில் பதியாது. ஆகவே பாஸ்கர்வில் எழுத்தோடு நிற்கவில்லை. நல்ல கருமையுள்ள மையைத் தாமே கூட்டினார். அச்சுப் பொறியைச் செப்பம் செய்தார். ஜேம்ஸ் வாட்மன் உருவாக்கிய, கம்பிவரிகள் தெரியாத வழவழப்பான புதுவகைக் காகிதத்தைப் பயன்படுத்தினார். அச்சிட்ட தாள்களைச் சூடேற்றிய செப்புத் தகடுகளுக்கிடையே அழுத்தி மெருகேற்றினார். பல ஆண்டுகள் உழைத்தபின், 1757-இல் வர்ஜில் என்னும் இலத்தீன் கவிஞரின் நூல் வெளிவந்தது. ஓவியமோ பூவேலையோ இல்லாமல், எழுத்தின் அழகையும் வெற்றிடத்தின் அழகையும் மட்டுமே நம்பிய நூல் அது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தின் அச்சாளராகும் உரிமை அவருக்குக் கிட்டியது. அங்கு 1763-இல் அவர் அச்சிட்ட விவிலியம் அவருடைய தலைசிறந்த படைப்பு என்பர். அவரோ சமயப் பற்றில்லாதவர்!

அச்சுத் தொழிலினர் சிலருக்கு இவையெல்லாம் பிடிக்கவில்லை. இம்மெல்லிய எழுத்து நாட்டினரின் கண்ணையே குருடாக்கிவிடும் என்றனர். மெருகேறிய தாளின் பளபளப்பு சிலர் கண்ணை உறுத்தியிருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் குறை எழுத்தின்மேல் சுமத்தப்பட்டது. அப்போது இலண்டனில் தங்கியிருந்தவரும் தாமே அச்சுத் தொழில் கற்றவருமான பெஞ்சமின் பிராங்க்ளின், 1760-இல் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்.

குறை கூறிய கனவான் ஒருவரிடம், தாளின் பளபளப்பே காரணமாயிருக்கலாமே என்று பிராங்க்ளின் சொல்லிப் பார்த்தார். அவர் இசையவில்லை, எழுத்தின் வெட்டிலேயே பிழை என்றார். மற்றொரு நாள், கேஸ்லனின் எழுத்து மாதிரித் தாளின் தலைப்பைக் கிழித்து எறிந்துவிட்டு, அதைப் பாஸ்கர்வில்லின் எழுத்து என்று சொல்லி அவர் கையில் கொடுத்தார் பிராங்க்ளின். கனவான் எழுத்து எழுத்தாகக் குற்றங்களைச் சுட்டிக்காட்டினார். படிக்கும்போதே கண் வலிக்கிறது என்றும் சொன்னார். அவர் வாழ்நாளெல்லாம் வருத்தமின்றிப் படித்துவந்தது அதே கேஸ்லன் எழுத்தைத்தான். அவர் எழுதிய நூலே அவ்வெழுத்தில்தான் அச்சாகியிருந்தது! அவர் வெட்கமுறாதிருக்கும்படி பிராங்க்ளின் உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கண் வலித்ததாக அந்தக் கனவான் சொன்னது பொய்யாயிராது. பெயரைக் கேட்டவுடனேயே வலி வந்துவிட்டது.

தொழிலில் ஊதியம் வரவில்லை. எழுத்துக்களை விற்றுவிடப் பாஸ்கர்வில் முயன்றார், வாங்குவார் இல்லை. 1775-இல் அவர் காலமானார். அவருடைய மனைவி சாரா, 1779-இல் அவற்றைப் பிரெஞ்சு நாடகாசிரியர் பொமார்ஷேக்கு விற்றார். வால்டேரின் நூல்கள் பிரான்சில் தடைப்பட்டிருந்தமையால், ரைன் ஆற்றின் மறுகரையிலுள்ள கேல் நகரில் அச்சகம் அமைத்து, எழுபது தொகுதிகளை இவ்வெழுத்தில் அச்சிட்டார் பொமார்ஷே. பின்னர் இங்கிலாந்தில் இவ்வெழுத்து ஏறத்தாழ மறக்கப்பட்டது.

1917-இல் அமெரிக்க நூல்வடிவமைப்பாளர் புரூஸ் ரோஜர்ஸ், கேம்பிரிட்ஜில் கண்ட மாதிரித் தாள் ஒன்றிலிருந்து இதனை இனங்கண்டார். 1923-இல் மோனோடைப் நிறுவனம் இவ்வடிவத்தை இயந்திரக் கோப்புக்கு ஏற்றவாறு புதுப்பித்தது. நெடிய உரைநடை நூல்களுக்கு ஏற்றது என்று பதிப்பாளர்கள் இதனை விரும்பி ஏற்றனர். எஃகில் செதுக்கிய மூல அச்சுகள் 1953-இல் பாரிஸிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொடையாகத் திரும்பி வந்தன. இன்று கணிப்பொறிகளிலும் இவ்வெழுத்து இடம்பெற்றிருக்கிறது. 1996-இல் ஸுஸானா லிச்கோ என்னும் வடிவமைப்பாளர் இதனைத் தழுவிப் புதிய எழுத்தொன்றை வரைந்தார். பாஸ்கர்வில்லை மணப்பதற்குமுன் சாரா கொண்டிருந்த பெயரால், அதற்கு 'மிஸஸ் ஈவ்ஸ்' என்று பெயரிட்டார்.