பால் படிந்த மேனியும் பீர்க்கங்கூடும்

மலாயாவில் வணிக நோக்கோடு இரப்பரை முதன்முதலில் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்பர். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால், 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நிலத்தில் அவர் கன்று நட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். இந்த ஏக்கர்க் கணக்கும் இரப்பர் விலையின் ஏற்ற இறக்கமும் ஏடுகளில் உள்ளன. அம்மரங்களில் பால் வெட்டிய தமிழர், வேலை முடிந்தபின் தம் மேனியை எவ்வாறு தூய்மை செய்துகொண்டனர் என்பதை எழுதி வைத்தோர் அரியர். ஒரு சமூகத்தின் வரலாற்றுக்கு அதுவும் வேண்டிய செய்தியே.

விடியற்காலைக் குளிரில்தான் மரத்தில் பால் நன்கு சுரக்கும். ஆதலின் இருள் விலகுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மக்கள் நிரைக்குச் சென்றனர். மங்கிலிருந்து வாளிக்குப் பாலை ஊற்றும்போது அது கையிலும் காலிலும் தெறிக்கும். உலர்ந்ததும் மெல்லிய தோலாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீருக்கு அது கரைவதில்லை. உலர்ந்த நிலையிலேயே அழுத்தித் தேய்த்தால் திரித்திரியாக உருண்டு உதிரும். கூடவே மயிரையும் பிடுங்கும். நீராடுமுன் உலர் உடம்பைத் தேய்ப்பது அவர்களுக்கு ஒப்பனையன்று, தொழிலின் கடைசிப் பகுதி. எஞ்சிய பிசுக்கைத் தேங்காயெண்ணெய் இளக்கும். அதன்பின் தேங்காய் நாரோ, முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடோ கொண்டு பொதுக்குழாயடியில் குளியல் நடக்கும்.

இப்பழக்கம் கப்பலேறுமுன்பே தமிழரிடம் இருந்தது. சித்த மருத்துவம் வகுத்த முப்பத்திரண்டு புறமருந்துகளுள் ‘பொடி திமிர்தல்’ ஒன்று. மருந்துப் பொடியை உடலிற் பூசித் தேய்ப்பது அது. வடமொழி மருத்துவர் வாக்படரும் உத்வர்த்தனம் எனப்படும் இத்தகைய தேய்ப்பு கபத்தைத் தணிக்கும், கொழுப்பைக் கரைக்கும், தோலைத் தெளிவாக்கும் என்று கருதினார். கிரேக்க மல்லர்கள் எண்ணெயும் புழுதியும் படிந்த மேனியை வளைந்த உலோகக் கருவியால் வழித்தனர். துருக்கியர் முரட்டுத் துணியுறையால் தேய்த்தனர். பீர்க்கோ சங்கப் புலவருக்கு வேறு வகையில் அறிமுகமானது. அதன் மஞ்சட் பூவைத் தலைவியின் பசலைக்கு உவமை கூறினர். காய்ந்த கூட்டுக்கு அப்புகழ் வாய்க்கவில்லை.

தோட்டத்தில் அக்கூட்டுக்குப் பெருமதிப்பு இருந்தது. ஒட்டுப்பாலின் முடைநாற்றம் எளிதில் நீங்குவதன்று. உடையிலும் கூந்தலிலும் தங்கும். கோயிலுக்கோ, மலாக்கா நகரக் கடைத்தெருவுக்கோ செல்லும் நாளில், அந்நாற்றமே தம்மைத் தோட்டத்தார் என்று காட்டிக்கொடுக்கும் எனப் பலர் கூசினர். பெண்கள் கை சிவக்கும்வரை தேய்த்தது அழகுக்காக மட்டுமன்று. பிறர் மூக்கைச் சுளிக்காமல் அருகில் நிற்கவேண்டும் என்பதற்காகவும்தான். உழைத்தவர் வெட்கப்பட நேர்ந்ததே கொடுமை. அவ்வுழைப்பால் கிடைத்த பணத்திற்கு மட்டும் எந்த நாற்றமும் இருந்ததில்லை!

இன்று மலாக்காத் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் பலர் நகர்ப்புறம் சேர்ந்துவிட்டனர். உலர் தூரிகையால் மேனி தேய்ப்பதோ அங்காடிகளில் புதுமை என்று விலைபோகிறது. உடலின் நச்சை அது வெளியேற்றும் என்பதற்குத் தக்க சான்றில்லை. மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்தில் தானே புதுப்பித்துக்கொள்வது. மென்மையாகத் தேய்த்தால் இறந்த செதில்கள் உதிரும், அவ்வளவே. கரப்பான் போன்ற தோல்நோய் உள்ளவர்க்கு முரட்டுத் தேய்ப்பு தீங்கு செய்யும். பாலை உருட்டி எடுத்த கைகளில் புண் கண்டவர்க்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக் கொல்லையில் வளர்த்த கொடியில் ஒன்றிரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றவிடுவதே வழக்கம். அவை கொடியிலேயே காய்ந்தபின் ஓட்டை உரித்துக் கூட்டைத் தட்டுவர். கூடு குளியலுக்குப் போகும். உதிர்ந்த கருவிதைகள் அடுத்த நடவுக்குத் தாளில் மடிக்கப்படும்.