ஆடுகளத்திலிருந்து ஜஸ்தேவ் சிங்

1948 ஜனவரி 31. காந்தியடிகளின் பூதவுடல் தில்லி பிர்லா மாளிகையிலிருந்து யமுனைக் கரைக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அகில இந்திய வானொலியின் மெல்வில் டி மெல்லோ, ஊர்வலத்தோடு ஊர்ந்து சென்ற வண்டியில் அமர்ந்து, ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆங்கிலத்தில் நேர்முக வருணனை செய்தார். ராஜஸ்தானத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த பதினாறு வயதுச் சீக்கிய இளைஞர் ஒருவர், தாமும் வருணனையாளர் ஆகப்போவதாகவும், அதுவும் ஹிந்தியில் செய்யப்போவதாகவும் தம் அன்னையிடம் கூறினாராம். இதில் வியப்பு என்னவெனில், அவர் பள்ளியில் பயின்றது உருது. ஹிந்தியை முறையாகக் கற்றவரல்லர்.

அவ்விளைஞரே ஜஸ்தேவ் சிங். 1931இல் ராஜஸ்தானத்தின் பௌன்லி என்னும் ஊரில் பிறந்தவர். 1950இல் வானொலியின் குரல் தேர்வுக்குச் சென்றார், தேறவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து ஜெய்ப்பூர் நிலையத்தில் உருது செய்தி வாசிப்பவராக இடம் கிடைத்தது. பிறகு தில்லிக்கு வந்தார். 1963 முதல் சுதந்திர தின, குடியரசு தின விழாக்களின் வருணனை அவர் பொறுப்பாயிற்று. ஒன்பது ஒலிம்பிக் பந்தயங்கள், எட்டு உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகள், ஆறு ஆசிய விளையாட்டுகள் என்று நீண்டது அவரது பணி. ஆயினும் எண்ணிக்கையைக் காட்டிலும் நாம் சிந்திக்க வேண்டுவது வேறொன்று உண்டு. விளையாட்டு வருணனை என்றால் ஆங்கிலமே இயல்பான மொழி என்று கற்றோர் பலர் கருதியிருந்த காலம் அது. நாட்டு மொழியொன்று பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்குமா என்ற ஐயத்துக்கு ஜஸ்தேவ் சிங் தம் குரலால் விடையளித்தார்.

அந்த ஐயம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினைச்சொல் வந்துவிடுகிறது. ஹிந்தியிலோ, நம் தமிழில் போலவே, வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே மூச்சு விட நேரம் உண்டு. வாக்கியத்தை நிதானமாக முடிக்கலாம். ஹாக்கியில் அவ்வாறன்று. "அஜித்பால் சிங் பந்தைக் கோவிந்தாவுக்குத் தள்ளிவிடுகிறார்" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து கோவிந்தாவையும் கடந்து போயிருக்கும். ஆதலின் விரைவான ஹிந்தி வருணனை வினையைக் கைவிட்டது. அஜித்பாலிடமிருந்து கோவிந்தாவுக்கு, கோவிந்தாவிடமிருந்து அசோக் குமாருக்கு என்று பெயரும் உருபுமே ஓடின. பந்து நின்ற பிறகே வினைக்கு இடம் கிடைத்தது. இலக்கணப் புலவர் குறை காணலாம். கேட்பவர் கண்முன் ஆட்டம் தெரிந்தது. ஜஸ்தேவ் சிங்கின் நாவன்மைக்கு உருதுப் பயிற்சியும் துணை நின்றது என்றே நாம் கருதுகிறோம்.

1975 மார்ச் 15ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை ஹாக்கி இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதிரில் பாகிஸ்தான். முதலில் கோல் போட்டதும் பாகிஸ்தானே. பிற்பாதியில் சுர்ஜித் சிங், பெனால்டி கார்னர் ஒன்றைக் கோலாக்கிச் சமன் செய்தார். சில நிமிடங்களில் தியான் சந்தின் மைந்தர் அசோக் குமார் அடித்த பந்து, கோல் கம்பத்தில் பட்டு மீண்டும் வெளியே துள்ளியது. அது கோல்தானா? நடுவர் கோல் என்றார். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மறுத்து வாதாடினர். மைதானத்தில் இருந்தோர்க்கே தெளிவாகத் தெரியாத ஒன்றை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வானொலிப் பெட்டியருகே இருப்பவர் எங்ஙனம் அறிவர்? வருணனையாளரின் சொல்லே அவர்களுக்குச் சாட்சி. தீர்ப்பு நிலைத்தது. இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்று உலகக் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது.

தில்லி கரோல் பாக்கிலும், அந்நாளைய பம்பாயின் மாடுங்காவிலும் குடியேறியிருந்த நம்மவருள் மூத்தோர் அக்குரலை மறந்திருக்க மாட்டார்கள். கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் தட்டுத் தடுமாறிப் பேசப்பட்ட ஹிந்தி, டிரான்சிஸ்டர் பெட்டியில் ஜஸ்தேவ் சிங் பேசும்போது மட்டும் நமக்கு எளிதாக விளங்கியது. ஆட்டக்காரரின் பெயரும், பந்து செல்லும் திசையும், குரலின் ஏற்றமும் தெரிந்தால் போதுமல்லவா? அந்த வெற்றிக் குழுவில் தமிழகத்து வி. ஜே. பிலிப்ஸும் இருந்தார். பஞ்சாபிப் பெயர்களுக்கிடையே பிலிப்ஸ் என்ற பெயர் ஒலிக்கும்போது, ஊரை விட்டு வந்தவர்க்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றாதா!

1982இல் தில்லி ஆசிய விளையாட்டையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அந்த ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் நாம் 1-7 என்று தோற்றதை வீடுகளில் கண்ணாலேயே பார்க்க நேர்ந்தது. காட்சி முன்னே இருக்கையில் வருணனையாளர் குறைவாகப் பேச வேண்டும். நிரம்பப் பேசிப் பழகிய வானொலிக் குரலுக்கு இது எளிதன்று. ஜஸ்தேவ் சிங் தொலைக்காட்சியிலும் பணியாற்றினார். எனினும் அவருடைய உண்மையான ஆட்சி, படமில்லாத வானொலியிலேயே இருந்தது என்பது நம் கருத்து.

1985இல் பத்மஸ்ரீ, 2008இல் பத்ம பூஷண் விருதுகள் அவருக்கு வழங்கப்பட்டன. இடையில் 1988இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் ஒலிம்பிக் ஆர்டரும் கிடைத்தது. 2018 செப்டம்பர் 25 அன்று தில்லியில் காலமானார். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர், ஒலிவாங்கியின் முன் ஒவ்வொரு முறையும் தம்மை அறிமுகம் செய்துகொண்ட அதே சொற்கள்: நான் ஜஸ்தேவ் சிங் பேசுகிறேன்.