111 பிணங்களும் ஒரு கேங்கும்: 'கராண்டிரு' படம் சொல்லாத மீதிக் கதை

இன்னிக்கு ஒரு பிரேசில் படம். ஹெக்டர் பாபென்கோ இயக்கி 2003-ல வந்த 'கராண்டிரு'. சாவோ பாலோ நகரத்துல இருந்த கராண்டிரு சிறையில எய்ட்ஸ் தடுப்பு வேலை பார்த்த டாக்டர் டிராசியோ வரெல்லா எழுதின புத்தகம்தான் இதுக்கு அடிப்படை. கைதிகள் ஒவ்வொருத்தரா டாக்டர்கிட்ட தங்களோட கதையைச் சொல்வாங்க. சிரிப்பு, காதல், கொலை எல்லாம் கலந்து ஓடும். கடைசியில துப்பாக்கிச் சத்தம்.

அது கற்பனை இல்ல. அந்தச் சிறையில ஏழாயிரம் பேருக்கு மேல அடைச்சு வெச்சிருந்தாங்க. 1992 அக்டோபர் 2 அன்னிக்கு, 9-வது பிளாக்ல கைதிகளுக்குள்ள நடந்த சண்டை கலவரமா மாறுச்சு. மாநிலத்தோட ஆயுதப் போலீஸ் உள்ள நுழைஞ்சது. செத்த கைதிகள் 111 பேர். அதுல பலர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். போலீஸ் தரப்புல ஒரு உயிர்கூடப் போகல.

மறுநாள் உள்ளாட்சித் தேர்தல். அதனால அதிகாரிகள் முதல்ல வெளிய சொன்ன எண்ணிக்கை வெறும் 8! முழுக் கணக்கு வாக்குப்பதிவு முடியப் போற நேரத்துலதான் வந்துச்சு.

தண்டனை? ஆபரேஷனை நடத்தின கர்னலுக்கு 2001-ல 632 வருஷம் சிறைன்னு தீர்ப்பு வந்து, 2006-ல ரத்தாச்சு. 2013, 2014-ல 74 போலீஸ்காரங்க குற்றவாளிகள்னு தீர்ப்பாச்சு. 2016-ல அதையும் ரத்து பண்ணினாங்க. வழக்கு இழுத்துக்கிட்டே போக, 2022 டிசம்பர்ல அதிபர் போல்சொனாரோ பொதுமன்னிப்பே அறிவிச்சார்.

"குற்றவாளிங்கதானே, செத்தா என்ன?"ன்னு கேக்குறவங்க அடுத்ததைக் கவனிங்க. படுகொலை நடந்து ஒரு வருஷம்கூட ஆகல. 1993 ஆகஸ்ட்ல, அதே மாநிலத்துல தௌபாத்தேங்கிற ஊர்ச் சிறையில சில கைதிகள் சேர்ந்து பி.சி.சி.ன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அவங்க எழுதின விதிமுறையிலேயே அந்த 111 பேர் இருக்காங்க. 'அரசு நம்மைக் காப்பாத்தாது, நாமதான் ஒண்ணா நிக்கணும்'ங்கிறதுதான் அதோட சாரம். சிறைக்குள்ள பாதுகாப்பு கொடுத்து ஆள் சேர்த்தாங்க, வெளிய போதைப்பொருள் வித்தாங்க. 2006 மே மாசம் சாவோ பாலோவையே சில நாள் ஸ்தம்பிக்க வெச்சாங்க. இன்னிக்கு பிரேசிலோட மிகப் பெரிய குற்றக் கும்பல் அதுதான்.

2002 டிசம்பர்ல கராண்டிருவோட கட்டடங்களை வெடி வெச்சுத் தகர்த்தாங்க. இப்போ அங்க ஒரு பூங்காவும் நூலகமும் இருக்கு. கட்டடத்தை இடிக்க சில நொடிதான் ஆச்சு. ஆனா காவல்ல இருக்குறவன் உயிருக்கு அரசு பொறுப்பு இல்லேன்னு ஆனா, அந்தப் பொறுப்பை வேற எவனோ எடுத்துக்குவான். அதுக்கான விலையை சிறைக்கு வெளிய இருக்குற நாமளும்தான் கொடுக்கணும்.

படம் பாத்துட்டு சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!